கரை அரிப்புக்குத் தென்னை நார் வலைப்பாய்: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

சிதைந்த ஓடைக் கரையை மீட்கும் பணியில் நாங்கள் விரித்த தென்னை நார் வலைப்பாய், எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உழைக்கிறது. சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் எனப் பல எடைகளில் கிடைப்பவற்றுள், நீரோட்டம் வேகமாக மோதும் வளைவுக்கு 900 கிராம் பாயையும் மேல் சரிவுக்கு 400 கிராம் பாயையும் தேர்ந்தெடுத்தோம். நாரில் லிக்னின் என்னும், எளிதில் மட்காத மரப்பொருள் மிகுதியாக இருப்பதால் இது சணல் பாயைவிட மெதுவாகவே மட்குகிறது. அது மட்கி முடிவதற்குள் வலைக் கண்ணிகளின் நடுவே நட்ட கோரையும் நாணலும் வேர்பிடித்து, கரையைத் தாங்கும் வேலையைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், இழைகளுக்கு அடியில் வண்டல் படிந்து, அதில் வெள்ளை வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரிகிறது. பிளாஸ்டிக் வலைகளில் பாம்புகள் சிக்கி மடிவதைப் பார்த்தவர்கள், மண்ணோடு மண்ணாகிவிடும் இந்தப் பாயின் அருமையை உணர்வார்கள்.

குறை, பாயை மண்ணோடு இறுக்க அடிக்கும் முளைகளில்தான். உடன் வந்த மரமுளைகள் குட்டையானவை. இளகிய மண்ணில் அவை பிடிக்கவில்லை. நீளமான மூங்கில் முளைகளை அடித்து, பாயின் மேல் விளிம்பைப் பள்ளம் தோண்டிப் புதைத்த பிறகே அது வெள்ளத்தில் நிலைத்தது. விற்பனையாளர் இதைக் கையேட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். கரையில் மேய்ச்சலும் மணல் அள்ளலும் தொடரும் இடங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.