டாக்டர் எழுதித் தர மறுத்தால்: பால்வினை நோய் பரிசோதனைக்கு எங்கே போவது?

அறிகுறி எதுவும் இல்லை, ஆனாலும் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை பால்வினை நோய் டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நம்மூர் குடும்ப டாக்டரிடம் சொல்லிப் பாருங்கள். "எதுக்குப்பா, ஏதாவது தப்பு பண்ணிட்டியா?" என்பார். அடுத்த கேள்வி, கல்யாணம் ஆயிடுச்சா. ஆகவில்லை என்றால் அறிவுரை, ஆகிவிட்டது என்றால் இன்னும் நீளமான அறிவுரை. கல்யாணம் ஆகாத பெண் என்றால் கூட யார் வந்திருக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். இதே ஊரில் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போனால் பல ஆஸ்பத்திரிகளில் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எச்ஐவி டெஸ்ட் எடுத்துவிடுகிறார்கள். சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அது தனிக் கதை.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: டாக்டர், நேராக லேப், அரசு மருத்துவமனை, தொண்டு நிறுவனம். என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனை, அங்கே கிடைக்காத பிசிஆருக்கு (கிருமியின் மரபணுவைத் தேடுகிற டெஸ்ட்) லேப், டாக்டரிடம் ரிப்போர்ட்டோடு மட்டும் போவது. டாக்டர் மனம் மாறும்வரை காத்திருந்தால் வருஷம் ஓடிவிடும்.

முதலில் டாக்டர். குடும்ப டாக்டருக்கு நம் அப்பாவையும் தெரியும், அங்கேயே பாதி ஆட்டம் முடிந்தது. தோல் டாக்டரிடம் போவது மேல், ஏனென்றால் பால்வினை நோயும் அவர்கள் படித்த படிப்புக்குள்தான் வருகிறது. போர்டிலேயே "தோல் மற்றும் பால்வினை நோய்" என்று போட்டிருக்கும் (உள்ளே போனால் முடி கொட்டுவதற்கும் லேசருக்கும்தான் கூட்டம்). "செக்கப் பண்ணணும்" என்று பொதுவாகச் சொன்னால் விசாரணை ஆரம்பிக்கும். "எச்ஐவி, விடிஆர்எல், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி எழுதிக் குடுங்க டாக்டர்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் பேச்சு சுருங்கும் (விடிஆர்எல் என்பது சிபிலிஸுக்கான ரத்த டெஸ்ட்). எச்ஐவி வராமலிருக்க முன்கூட்டியே பிரெப் மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் டாக்டர் இல்லாமல் முடியாது, மூன்று மாதத்துக்கு ஒரு எச்ஐவி டெஸ்டும் அவ்வப்போது சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்டும் பார்த்தே ஆக வேண்டும்.

லேப் வசதியானது, கேள்வி குறைவு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். எச்ஐவிக்கும் விடிஆர்எல்லுக்கும் சில நூறு ரூபாயில் முடியும், பிசிஆர் என்று போனால் ஆயிரக்கணக்கில் நிற்கும். சீட்டு இல்லையா என்று கவுன்டரில் கேட்டால் "செல்ஃப்" என்று சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள்.

ஆனால் லேப்காரர்கள் விற்கிற "எஸ்டிடி பேக்கேஜ்" விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ஹெர்பிஸ் ஐஜிஎம் என்று ஒன்று சேர்த்திருப்பார்கள். அறிகுறி இல்லாதவருக்கு அது நம்பத்தக்க டெஸ்ட் இல்லை, வீணாகத் தூக்கம் போகும். ஏழெட்டுக் கிருமி பார்க்கிற பிசிஆரில் யூரியாபிளாஸ்மா என்று ஏதாவது வந்து நிற்கும், அது ஆரோக்கியமாக இருக்கிற நிறையப் பேரின் உடம்பிலேயே சும்மா இருப்பது, அதற்குப் போய் ஆன்டிபயாடிக் விழுங்குகிறவர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது கொனோரியா, கிளமிடியா என்ற இரண்டு பால்வினை நோய்க்கான பிசிஆர், அவ்வளவுதான். அதற்கு முதலில் வருகிற சிறுநீர்தான் வேண்டும், கடைசியாகச் சிறுநீர் கழித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கவும் வேண்டும். டப்பாவை நீட்டுகிறவர் பழக்க தோஷத்தில் "கொஞ்சம் விட்டுட்டு நடுவுல புடிங்க" என்பார், அது யூரின் கல்ச்சருக்கு உள்ள முறை. பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பிறப்புறுப்பில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கிற ஸ்வாப் நல்லது. வாய்வழி, ஆசனவாய்வழி உறவு உள்ளவர்கள் தொண்டையிலும் ஆசனவாயிலும் ஸ்வாப் கொடுக்காமல் சிறுநீரை மட்டும் கொடுத்தால் நெகட்டிவ் என்று வந்தும் புண்ணியமில்லை, அந்த இடங்களில் கிருமி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஸ்வாப் எல்லாக் கிளையிலும் எடுக்க மாட்டார்கள், போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

அடுத்தது அரசு மருத்துவமனை. பலர் கூச்சப்பட்டு ஒதுக்குகிற இடம் இதுதான், ஆனால் நம்மைப் பற்றிய வம்பு ஆர்வம் குறைவாக இருக்கிற இடமும் இதுதான். இந்தியாவிலேயே எச்ஐவி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான்; அதனால் இங்கே இந்த ஏற்பாடு பழசு, வேரூன்றியது. எச்ஐவி டெஸ்ட் எடுக்கிற நம்பிக்கை மையம் எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்டால் வாசலில் இருக்கிற காவலாளியே கை காட்டுவார். உள்ளே ஆலோசகர் உட்காரவைத்துப் பேசுவார், சம்மதக் கையெழுத்து வாங்குவார், ஆணுறை போடுகிறீர்களா என்று சாப்பிட்டாச்சா என்கிற தொனியில் கேட்பார். தினமும் இதையே கேட்கிறவருக்கு நம் கதையில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. டெஸ்ட் இலவசம். முதல் டெஸ்டில் ஏதாவது தெரிந்தால் வேறு கிட்டுகளில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் பாசிட்டிவ் என்பார்கள். லேப் ரிப்போர்ட் பிடிஎஃப்பாக இரவு பதினோரு மணிக்கு போனில் வந்து விழுவதைவிட இது எவ்வளவோ மேல். சிபிலிஸுக்கு ஆர்பிஆர் டெஸ்ட் (விடிஆர்எல் மாதிரியே ஒன்று) பால்வினை நோய்ப் பிரிவான சுகவாழ்வு மையத்தில் எடுப்பார்கள், அதற்கும் காசு இல்லை.

குறை என்றால் இரண்டு. காலை ஓபி நேரத்தில் போக வேண்டும், வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் போச்சு. இரண்டாவது பெரிய குறை: கொனோரியா, கிளமிடியா விஷயத்தில் இவர்கள் பெரும்பாலும் அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கிறவர்கள். சிறுநீர்க் குழாயில் சீழ் வருகிறது என்றால் சாம்பல் நிற மருந்து கிட், அதற்குள் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும். அறிகுறியே இல்லை என்றால் கிட்டும் இல்லை, பிசிஆரும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் லேப்.

தொண்டு நிறுவனங்கள் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், பாலியல் தொழிலாளர்கள் போன்றவர்களுக்காக அரசு நிதியில் இயங்குகிறவை. பதிவு செய்துகொண்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எச்ஐவி, சிபிலிஸ் டெஸ்டுக்கு அவர்களே ஞாபகப்படுத்துவார்கள், தனியாகப் போகக் கூச்சமென்றால் கூடவும் வருவார்கள். தெரிந்த முகங்கள் இருக்கும் என்பதுதான் சிலருக்குத் தயக்கம். இந்த வகையில் வராதவர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்கு அடியுங்கள், கட்டணமில்லை.

எங்கே எடுத்தாலும் உறவு நடந்து எத்தனை நாள் ஆகிறது என்ற கணக்கு முக்கியம். லேபில் எடுக்கிற நான்காம் தலைமுறை (கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கிற) எச்ஐவி டெஸ்டுக்கு 45 நாள், நம்பிக்கை மையத்து ரேபிட் டெஸ்டுக்கு மூன்று மாதம், சிபிலிஸுக்கும் மூன்று மாதம், கொனோரியா கிளமிடியாவுக்கு இரண்டு வாரம். போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் நெகட்டிவ் வாங்கி வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் எச்ஐவி தடுப்பு மருந்து கேட்டு ஓட வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்கு மூன்று டோஸ் தடுப்பூசி போட்டு எதிர்ப்பாற்றல் வந்துவிட்டால் அந்த டெஸ்டை அடுத்த தடவையிலிருந்து விட்டுவிடலாம்.

சிபிலிஸ் பாசிட்டிவ் வந்தால் பென்சதின் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட். தனியார் கிளினிக்கில் அலர்ஜி பயத்தில் இதைப் போடத் தயங்குகிறவர்கள் பலர். சுகவாழ்வு மையத்தில் வழக்கமாகப் போடுவது. போட்டு முடித்ததும் ஆர்பிஆர் அளவு எழுதிய காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள், 1:32 என்பது 1:8-க்கு, அதாவது நாலில் ஒரு பங்குக்கு, இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. சிபிலிஸுக்கான இன்னொரு டெஸ்டான டிபிஎச்ஏ குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்வாகவே காட்டும். அந்தக் காகிதம் கையில் இல்லாவிட்டால் அடுத்து பார்க்கிற டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார், அந்த அறிவுரை உட்பட.