ஓட்டைப் பிரிக்கச் சொல்பவரே பழைய மரத்தையும் எடுத்துக்கொள்கிறாரா? உஷார்

ஊரில் ஓட்டு வீடு, அதில் வயதான அப்பா அம்மா மட்டும் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பழைய வீடு புதுப்பிக்கிறோம் என்று வருகிறவர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு வாய்த்தவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வீடு மன்னார்குடிப் பக்கம். தாத்தா கட்டிய இரண்டு கட்டு வீடு, நடுவில் முற்றம். முன்கட்டில் உத்திரம் (சுவருக்குச் சுவர் போகும் பெரிய மரம்), கைமரம் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) எல்லாம் தேக்கு. பின்கட்டில் கைமரத்துக்குப் பதில் பனை வாரை, அதாவது பனைமரத்தைப் பிளந்த சட்டம். மேலே நாட்டு ஓடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு சரிந்து நொறுங்கியதே தவிர மரச்சட்டம் அசையவில்லை. எங்கள் தெருவில் பறந்தது தகரக் கூரைகள்தான். போன ஐப்பசி மழையில் முற்றத்தின் பின்பக்க மூலையில், இரண்டு சரிவும் சேருகிற கூடுவாயில் ஒழுக ஆரம்பித்தது. அந்த மூலையைப் பார்க்க ஆள் தேடியபோதுதான் இந்த கான்ட்ராக்டர் வந்து சேர்ந்தார்.

ஏணி போட்டு ஏறினார். ஒழுகுகிற இடத்தில் அல்ல, முன்கட்டில். கைமரத்தின் விளிம்பை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, கொட்டிய மாவை அப்படியே அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். “மரம் மொத்தமும் உளுத்துப் போச்சுங்கய்யா. இன்னொரு மழை தாங்காது. தலைமேல விழுந்தா யாரு பதில் சொல்றது?” அம்மா அன்று ராத்திரியே கூடத்தில் படுக்க மாட்டேன் என்றுவிட்டாள். அப்புறம் பேரம் எங்கே நடக்கும்?

இரும்புப் பைப்பில் சட்டம், மேலே ஓடு மாதிரியே அச்சு வைத்த ஷீட். பிரிப்பது, ஏற்றிப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. பழைய மரத்துக்காக மொத்தத்தில் 35,000 ரூபாய் தள்ளுபடி. துண்டுச்சீட்டில் எழுதியிருந்தது ‘பழைய பொருள் கழிவு’, அவ்வளவுதான். எத்தனை உத்திரம், என்ன நீளம், என்ன மரம், எதுவும் கிடையாது.

அந்த மாவு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வித்தையே அதில்தான் இருக்கிறது. தேக்கில் வெளிப்புறமாக ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை மரம் விட்டிருப்பார்கள். வண்டும் கரையானும் தின்பது அதைத்தான். உள்ளே இருக்கும் வைரத்தில், அதாவது முற்றிய உள்மரத்தில், அவ்வளவு சீக்கிரம் வாய் வைக்காது. அந்த விளிம்பைச் சுரண்டினால் நல்ல தேக்கிலும் மாவு கொட்டும். அதே ஸ்க்ரூடிரைவரை வைரத்தில் குத்தியிருந்தால் இறங்கியிருக்காது, அதனால் குத்தவில்லை. பனை இதற்கு நேர்எதிர். வெளியே கறுத்த நார் இரும்பாக இருக்கும், உள்ளே சோறு என்கிற மெத்தென்ற பகுதி உதிர்ந்து கூடாகியிருக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். பின்கட்டுப் பனை வாரையை அவர் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. பனையை யார் விலைக்கு எடுக்கப் போகிறார்கள்?

நான் திருச்சியிலிருந்து போய்ச் சேர்ந்தபோது முன்கட்டு திறந்து கிடந்தது, உத்திரமெல்லாம் லாரி ஏறிப் போயிருந்தது. முற்றத்தில் அறுத்துப் போட்ட ஒரு துண்டு மட்டும் கிடந்தது. சுவருக்குள் செருகியிருந்த முனை, சுமார் ஒன்றரை அடி, ஈரம் ஏறிக் கறுத்து விரலால் நசுக்கினால் பொடியாகிற பதத்தில் இருந்தது. உண்மையான பழுது அது. அதைத் தாண்டி அறுத்த முகத்தில் தேன் நிறம், கையில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு, தேக்கு வாசனை. ஆசாரி மாமா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கா தம்பி கழிவுன்னு எழுதினான்? முனைய வெட்டி ஒட்டுப் போட்டு, ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வச்சு போல்ட் முடுக்கினா உன் பேரன் காலம் வரைக்கும் நிக்குமே” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. உத்திரம் ஒன்று 8க்கு 5 அங்குலம், 14 அடி நீளம், கிட்டத்தட்ட 3.9 கன அடி. அப்படி ஆறு. மரக்கடையில் பழைய தேக்குக்குச் சொன்ன விலையைப் போட்டால் உத்திரம் மட்டுமே அந்த 35,000ஐத் தாண்டிப் போய்விட்டது. கைமரம், தூண் தனி. கான்ட்ராக்டரைக் கேட்டால், “கழிவுன்னு போட்டு அய்யாவே கையெழுத்துப் போட்டிருக்காருங்களே” என்கிறார். ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று அனுப்பிவிட்டார்கள்.

பின்கட்டு வேலையை நிறுத்தி ஆசாரி மாமாவிடம் கொடுத்தோம். பனை வாரையில் பாதி நிஜமாகவே போயிருந்தது, மாற்றினார். ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம், ரீப்பர் எல்லாம் புதுசு. ஒழுகியதற்குக் காரணம் கூடுவாய்த் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது, வேறொன்றும் இல்லை. சுவருக்குள் போகும் மர முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி ஏற்றினார். இப்போது முன்கட்டு ஷீட்டில் மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. சித்திரையில் மதியம் அப்பா தூங்கப் போவது பின்கட்டுக்கு.

எதையும் மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நூல் பிடித்துப் பார்த்து உத்திரம் நன்றாகத் தொய்ந்திருந்தால், முனைகளோடு நடுமரமும் போயிருந்தால், மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, மரத்தைத் துடைத்துவிட்டுக் கீழே பேப்பர் விரித்துச் சில நாள் பாருங்கள். புதுப் பொடி விழாவிட்டால் ஓட்டைகள் பழையவை. ஆனால் மரத்தைப் பார்த்துச் சொல்கிற ஆளும், அதை ஏற்றிப் போகிற ஆளும் ஒருவராக இருக்கவே கூடாது. மரத்தை இறக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸில் நம்பர் போட்டு, அளவெடுத்து, போட்டோ பிடித்து, சீட்டில் ஏற்றிவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இதேபோல ‘கழிவு’ சீட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.