கடலூர் உப்புக்காற்றில் பத்து ஜிகாபிட்: நான்கு ஆண்டுகள், இரண்டு சுவிட்சுகள்

தேவனாம்பட்டினம் சாலையில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாண வீடியோ தொகுப்பதுதான் தொழில். ஆறு கணினிகள், நான்கு ஹார்டு டிஸ்க் கொண்ட ஒரு சேமிப்பு சர்வர். இரண்டு நாள் கல்யாணத்தின் மூலப் பதிவு 800 ஜிபிக்குக் குறையாது. இவற்றையெல்லாம் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். சாதாரண ஒரு ஜிகாபிட் சுவிட்சில் நொடிக்கு 110 மெகாபைட் போனால் அதிகம். ஒரு கல்யாணத்தைச் சர்வரில் ஏற்றவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும்போது இந்த இரண்டு மணி நேரம்தான் கழுத்தைப் பிடிக்கும்.

எனவே 2021 ஆடியில் (ஆடியில்தான் எங்களுக்குக் கை ஓய்வு) சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு பழைய சுவிட்ச் வாங்கினேன். பெரிய அலுவலகம் ஒன்று கழித்துக்கட்டியது. 48 போர்ட் (கேபிள் சொருகும் துளை), அவற்றோடு பத்து ஜிகாபிட் போர்ட் நான்கு. விலை 11,000 ரூபாய். புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும் பொருள் என்றார்கள், அது உண்மைதான். வேகமும் சொன்னபடி கிடைத்தது. எங்கள் டிஸ்க்குகள் நொடிக்கு 400 மெகாபைட்தான் எழுதும் என்பதால் பத்து ஜிகாபிட் முழுவதும் பயன்படவில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் முப்பத்தைந்து நிமிடமாகக் குறைந்தது.

முதல் மின்கட்டணம் வந்த பிறகுதான் அளந்து பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 100 வாட் இழுத்தது. ஆண்டு முழுக்க நிறுத்தாமல் ஓடினால் 876 யூனிட். அதற்கு மாற்றாக இப்போது இருக்கும் சுவிட்ச் இழுப்பது 20 வாட். ஆண்டுக்கு 175 யூனிட். எங்கள் வணிகக் கட்டணத்தில் இந்த வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். பழைய பொருள் வாங்குகிறவர்கள் விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றே ஆண்டுகளில் மலிவு மறைந்துவிடும்.

பதின்மூன்றாம் மாதம் அது நின்றுபோனது. மூடியைக் கழற்றியபோது கண்ட காட்சியை மறக்க முடியாது. மின்விசிறியின் அச்சைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் துருப்பொடி. விரலால் சுற்றினால் மணலை அரைப்பதுபோல் நறநறத்தது. உள்தகட்டின் மேல் ஈரப்பிசுக்கோடு தூசி அப்பியிருந்தது. மின்விசிறிக்கு நேர் எதிரே இருந்த செப்பு முனைகளில், கவனிக்காமல் விட்ட குத்துவிளக்கில் ஏறுவதுபோல் பச்சைக் களிம்பு. கடல் எங்களுக்கு ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. மின்விசிறி எவ்வளவு வேகமாகக் காற்றை இழுக்கிறதோ அவ்வளவு உப்பையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. விசிறி தளர்ந்தால் உள்ளே சூடு ஏறும். பத்து டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. குளிரூட்டிய சென்னை அறையில் எட்டு ஆண்டு ஓடிய பெட்டி, கடலூரில் ஓராண்டுதான் தாங்கியது.

ஆனால் அந்தப் பெட்டியில் என்னை அதிகம் பதறவைத்தது துரு அல்ல. அதற்கான ஃபர்ம்வேர் (சுவிட்சை இயக்கும் உள்மென்பொருள்) திருத்தங்களைத் தயாரிப்பாளர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். கடவுச்சொல்லை மறையாக்கம் இல்லாமல் அனுப்பும் டெல்நெட் வழியாகத்தான் அதற்குள் நுழைய முடிந்தது. சுவிட்சை யார் தாக்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். 2018 ஏப்ரலில் சுவிட்ச் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற, புதிய சுவிட்சைத் தொலைவிலிருந்தே அமைக்கும் வசதி வழியாக ஈரானில் சுமார் 3,500 சுவிட்சுகளுக்குள் புகுந்து அமைப்புகளை அழித்தார்கள். திறந்தே கிடந்த, யாரும் பயன்படுத்தாத ஒரு வசதிதான் அங்கே வாசலாக இருந்தது. 2020இல் எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சிஸ்கோ பெயரிலான இரண்டு போலி சுவிட்சுகளைப் பிரித்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. மென்பொருளைப் புதுப்பித்ததும் அவை வேலை செய்யாமல் போனதால்தான் போலி என்றே தெரியவந்தது. அதுவரை அசல்போலவே ஓடியிருக்கின்றன. பழைய சரக்கு வாங்கும்போது வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2022 ஆடியில் புதிய சுவிட்ச். வரியோடு சேர்த்து 28,000 ரூபாய். எட்டு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டுகள் (தேவைக்கேற்ற மாட்யூலைச் சொருகிக்கொள்ளும் பத்து ஜிகாபிட் துளைகள்), மின்விசிறியே கிடையாது, உடலே அலுமினியத் துடுப்புகளால் ஆனது. கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, ‘இதற்கு எந்த ஆண்டுவரை ஃபர்ம்வேர் வரும்?’ அவருக்குத் தெரியவில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, பழைய மாதிரிகளுக்கு எத்தனை ஆண்டு திருத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே வாங்கினேன். இதில் பாதி விலைக்கு வேறொன்று கிடைத்தது. அதற்கு வெளியான நாளிலிருந்து ஒரு திருத்தம்கூட வந்திருக்கவில்லை. விட்டுவிட்டேன்.

எல்லாக் கணினிக்கும் பத்து ஜிகாபிட் கொடுக்கவில்லை. சர்வருக்கும் இரண்டு தொகுப்புக் கணினிகளுக்கும் மட்டும்தான். மற்ற நான்கும் தனியாக ஒரு சிறிய 2.5 ஜிகாபிட் சுவிட்சில் இருக்கின்றன. சுவருக்குள் ஏற்கெனவே போட்டிருந்த கேட் 5இ வகைச் செம்பு கேபிளே 2.5 ஜிகாபிட்டை 100 மீட்டர்வரை தாங்கும் என்பதால் சுவரை உடைக்க வேண்டியிருக்கவில்லை. அலமாரிக்குள் இருக்கும் இணைப்புகளுக்கு டிஏசி (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் குட்டைச் செம்பு கேபிள்) போதும்; மலிவு, சூடும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் சாதாரணச் செம்பு கேபிளைச் சொருகுவதற்கான மாட்யூல் போட்டேன். அக்னி நட்சத்திரத்தில் அதைத் தொட்டால் கை சுட்டது. விசிறி இல்லாத பெட்டியில் அத்தகைய மாட்யூல்களை அடுத்தடுத்த போர்ட்டுகளில் சொருகாமல் இடம் விட்டுச் சொருக வேண்டும்.

2023 ஐப்பசியில் ஓர் இடி. ஸ்டுடியோவிலிருந்து சந்துக்கு எதிரே உள்ள வீட்டு மாடிக்கு ஒரு செம்பு கேபிள் போயிருந்தது. சிறிய சுவிட்சில் அந்தப் போர்ட்டும் அடுத்த போர்ட்டும் கருகின. யுபிஎஸ் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் இடியின் மின்சாரம் வந்தது அந்தக் கேபிள் வழியாக. எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டு கட்டடத்தின் எர்த்தையும் அளந்துவிட்டு, ‘தம்பி, கட்டடத்துக்குக் கட்டடம் கம்பி இழுக்காதே’ என்றார். அந்த இடத்தில் இப்போது ஃபைபர் இருக்கிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. மாட்யூல்களோடு சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. கருகிய சுவிட்சுக்கு மாற்று வாங்கியதைவிட அது குறைவு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் தென்பெண்ணை கரைபுரண்டது. எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். 2015 மழையை மனத்தில் வைத்து அலமாரியைச் சுவரில் ஐந்தடி உயரத்தில் மாட்டியிருந்ததால் ஒரு கேபிள்கூட நனையவில்லை. மின்சாரம் வந்ததும் சுவிட்ச் தானே எழுந்துகொண்டது.

பாதுகாப்புக்கு மிகவும் உதவியது விலான் பிரிப்பு, அதாவது ஒரே சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடாத தனித்தனி வலையமைப்புகள். வாடிக்கையாளர் வைஃபை தனி, சிசிடிவி தனி, சர்வர் தனி. சுவிட்சின் நிர்வாகப் பக்கம் என் ஒரு கணினியிலிருந்து மட்டுமே திறக்கும். சென்ற தை மாதம் சுவிட்சின் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரே இரவில் 412 முறை யாரோ நுழைய முயன்று தோற்றிருந்தது தெரிந்தது. வெளியிலிருந்து தொகுக்க வந்த ஒரு தம்பியின் மடிக்கணினி அது. அவருக்கே தெரியாமல் உள்ளே கிருமி இருந்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டைப் போடாமலும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமலும் நான் விட்டிருந்தால், பதினேழு குடும்பங்களின் கல்யாணப் பதிவு இருந்த சர்வர்வரை அது போயிருக்கும். திரும்ப எடுக்க முடியாத படங்கள் அவை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் அமைப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்து, ஃபர்ம்வேர் புதுப்பித்து, பயன்படாத போர்ட்டுகளில் உப்பு ஏறாமலிருக்க ரப்பர் மூடிகளைச் சரிபார்க்கிறேன். முக்கால் மணி நேர வேலை. அலுமினியத் துடுப்புகளில் மட்டும் லேசான வெண்பூச்சு படிந்திருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடுகிறது. வரும் ஆடியில் மாடி அறைக்கும் ஃபைபர் இழுக்கப்போகிறோம்.