குன்னூர் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பு: எட்டு வாரம் போய்வந்தவளின் அனுபவம்

கோத்தகிரி ரோட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். இலைக் கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். மூன்று வருஷமாக, தூள் வாங்குகிறவர்களுக்கு மெயில் போடுவதும் என் பொறுப்பு. போன ஏப்ரலில் ஒரு சாம்பிளோடு அனுப்பிய மெயிலில் 'எக்ஸெஸிவ் ஸ்ட்ரெந்த், எக்ஸெஸிவ் கலர்' என்று எழுதினேன். நல்ல திடம், நல்ல நிறம் என்று சொல்வதாகவே நினைத்தேன். மறுநாள் பதில் வந்தது: தயாரிப்பில் என்ன கோளாறு, சரிசெய்துவிட்டு வேறு சாம்பிள் அனுப்புங்கள். அந்தத் தூளில் ஒரு குறையும் கிடையாது. ராத்திரி முழுக்கக் கண்விழித்து நம் ஆட்கள் ஓட்டிய தூள் அது. கடைசியில் வேறு இடத்துக்குக் குறைந்த விலைக்குப் போனது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். பெட்ஃபோர்டு பக்கம், ஒரு வீட்டின் மாடி. பெயர்ப் பலகை கிடையாது. அதனால் நானும் பெயர் எழுதவில்லை. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து ஏழரை வரை. எட்டு வாரத்துக்கு 2,200 ரூபாய். சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற ஸ்கூல் டீச்சர். எங்கள் பேட்ச்சில் பதினாலு பேர்: டாக்ஸி ஓட்டுகிற ஒரு அண்ணன், ஹோம்ஸ்டே பார்த்துக்கொள்கிற ஒரு அக்கா, சொந்தமாக ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், மீதி காலேஜ் பிள்ளைகள்.

மிஸ் இலக்கணப் புத்தகத்தை வரிசையாக நடத்துவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல். அதை வைத்து ஒன்றரை மணி நேரமும் நாங்கள்தான் வாக்கியம் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் போர்டில் 'எக்ஸெஸிவ்' என்று எழுதினார். எனக்கு நெஞ்சு படபடத்தது.

முதலில் இங்கிலீஷே பேசவில்லை. "குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார். கரிக்குது என்றது ஒரு பிள்ளை. ஓவர் என்றது இன்னொன்று. ஹோம்ஸ்டே அக்கா, "உப்பு தூக்கல்" என்றார். மிஸ் அதைப் பிடித்துக்கொண்டார். "ஊறுகாய்க்கு உப்பு நிறையத்தான் போடணும். நிறையன்னா குறை இல்ல. தூக்கல்னா குறை. எக்ஸெஸிவ்னா தூக்கல்."

மூன்று வருஷமாக எனக்குப் பிடிபடாதது அந்த நிமிஷம் பிடிபட்டது. அந்தச் சொல்லை நான் பார்த்ததெல்லாம் சாம்பிளை ருசி பார்த்து புரோக்கர் அனுப்பும் ரிப்போர்ட்டில்தான்: 'எக்ஸெஸிவ் ஃபைபர்'. நார் அதிகம் என்று சொல்கிறார்கள், ஆகவே 'அதிகம்' என்பதற்கு இங்கிலீஷ் இதுதான் என்று எடுத்துக்கொண்டேன். நார் கொஞ்சமும் இல்லாத தூள் எங்கே இருக்கிறது? இருக்கலாம் என்று ஒரு அளவு உண்டு, அதைத் தாண்டிவிட்டது என்பதுதான் அவர்கள் சொன்ன புகார். ஈரமும் அப்படித்தான். டிரையரிலிருந்து வரும் தூளில் மூன்று சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். அது யாருக்கும் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஏறி, மூட்டையில் கிடந்து வாசனை கெடும் என்ற நிலை வந்தால் 'எக்ஸெஸிவ் மாய்ஸ்சர்'. பின்னால் ஒரு அளவுகோல் நிற்காமல் இந்தச் சொல் வரவே கூடாது.

அன்றைய வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது பெரியவர் கேட்ட கேள்வி. மழை நாளில் பறித்த இலையில் தண்ணீர் ஒட்டியிருக்கும் என்று எடையில் கழிப்பார்கள். "எக்ஸெஸ்ங்கறதும் எக்ஸெஸிவ்ங்கறதும் ஒண்ணுதானேம்மா?" என்றார். மிஸ் அவருடைய இலையையே உதாரணமாக எடுத்தார். இலையோடு கூடுதலாக வந்த தண்ணீர் 'எக்ஸெஸ் வாட்டர்'. அது வெறும் மிச்சக் கணக்கு, யார் மேலும் வருத்தம் இல்லை. நூறு கிலோ இலைக்கு நியாயமாகக் கழிக்க வேண்டியதைவிட மிஞ்சிக் கழித்தால் அது 'எக்ஸெஸிவ் டிடக்‌ஷன்'. அங்கே மனுஷனுடைய மனத்தாங்கல் சேர்ந்துவிடுகிறது. பெரியவர் இரண்டையும் மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். இலைக் கணக்கு எழுதுகிற நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கழிக்கிற எண்ணை எழுதும்போது இனி அந்தக் குரல் காதில் விழும்.

டாக்ஸி அண்ணன் கல்லட்டி இறக்கத்தைச் சொன்னார். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. நேர் ரோட்டில் முப்பது ஒரு வேகமே இல்லை, அந்த வளைவில் முப்பது என்றால் 'எக்ஸெஸிவ்'. மிஸ் கூடவே ஒரு 'ஃபார்' சேர்க்கச் சொன்னார்: 'எக்ஸெஸிவ் ஃபார் திஸ் பெண்ட்'. எதற்கு மிஞ்சியது என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். ஹோம்ஸ்டே அக்காவுக்கு 'எக்ஸ்பென்ஸிவ்' குழப்பம். மே மாதம் ரூம் 4,000 என்றால் விலை கூடுதல், அவ்வளவுதான். வெந்நீர்கூட வராத ரூமுக்கு 4,000 என்றால் அது 'எக்ஸெஸிவ்'.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பெய்ததே, அதை 'எக்ஸெஸிவ் ரெயின்' எனலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. வானிலைத் துறை 204.4 மி.மீ.க்கு மேல் போனால் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி' என்றுதான் போடும், அது அளந்து சொல்வது என்றார் மிஸ். கேத்தியில் கேரட் அழுகிப்போன விவசாயி தன் வாயால் 'எக்ஸெஸிவ் ரெயின்' என்றால் அதுவும் சரியே. 'வெரி எக்ஸெஸிவ்', 'டூ எக்ஸெஸிவ்' இரண்டையும் போர்டில் எழுதி அடித்துவிட்டார். எல்லை தாண்டியது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறதாம். உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில், 'ஸெஸ்' மேல்.

குறைகளும் உண்டு. மாடி அறைக்கு ஒரே ஒரு டியூப்லைட். ஜன்னல் சரியாகச் சாத்தாது, பனி உள்ளே வந்துவிடும். கொடுக்கிற ஜெராக்ஸ் தாள் மங்கல், பின்வரிசையில் படிக்கவே முடியாது. வாய் திறக்காத பிள்ளைகளை மிஸ் கட்டாயப்படுத்துவதில்லை. அது அவருடைய நல்ல குணம்தான், ஆனால் இரண்டு பேர் எட்டு வாரமும் பேசாமலேயே போய்விட்டார்கள். எனக்குப் பெரிய வருத்தம் என்னவென்றால், கடிதமும் மெயிலும் எழுதும் பயிற்சி கடைசி இரண்டு வகுப்பில்தான் வருகிறது. என்னைப் போல வேலைக்காகச் சேருகிறவர்களுக்கு அது போதாது. இதை மிஸ்ஸிடமே சொன்னேன். அடுத்த பேட்ச்சில் நாலாவது வாரத்திலிருந்தே தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

சேர நினைப்பவர்கள் முதல் வரிசையில் இடம் பிடியுங்கள், சால்வை கொண்டு போங்கள். கோத்தகிரி பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் ஏழே காலுக்கு அனுப்பிவிடுவார். உங்கள் தொழிலில் தினம் புழங்கும் இங்கிலீஷ் தாள் எதுவானாலும், பில்லோ ரிப்போர்ட்டோ, கையோடு எடுத்துப் போங்கள். அதை வைத்தே பாடம் நடத்துவார்.