கோழி செட்டிலிருந்து டெலிகிராம் சேனலுக்கு: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பல்லடம் பக்கம் எங்களுக்கு இரண்டு பிராய்லர் செட், ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் கோழி. 2022 கோடையில் ஒரு மத்தியானம் மூன்று ஃபேஸ் கரண்டில் ஒரு ஃபேஸ் போய், சூடு தணிக்கத் தண்ணீரைப் பனி மாதிரித் தெளிக்கும் ஃபாகர் மோட்டார் நின்றுவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேக்கால செட்டில் இருநூறுக்கு மேல் செத்துக் கிடந்தது. எல்லாம் 35 நாள் கோழி, அடுத்த வாரம் லாரி ஏற வேண்டியது. அய்யன் அன்றைக்குச் சோறு இறங்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். செட்டில் என்ன நடந்தாலும் போனுக்குத் தானாகச் செய்தி வர வேண்டும் என்று அந்த வாரமே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் வாட்ஸ்அப்தான் யோசித்தேன், வீட்டில் எல்லாரும் அதில்தானே இருக்கிறார்கள். ஆனால் அதன் பிசினஸ் ஏபிஐ (நம் நிரல் அந்தச் சேவையோடு பேசும் வழி) வழியாக நாமாக ஒரு செய்தியைத் தொடங்கி அனுப்ப, வார்ப்புருவை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், காசும் உண்டு. டெலிகிராமில் அந்தத் தொல்லை இல்லை. டெலிகிராமிலேயே இருக்கும் பாட்ஃபாதர் என்கிற கணக்கிடம் புது பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) கேட்டால், அதை இயக்கும் சாவியாக ஒரு டோக்கன் தருகிறது. ஒரு சேனல் தொடங்கி அந்த பாட்டை அட்மின் ஆக்கிவிட்டு, சென்ட்மெசேஜ் என்கிற இணைய முகவரிக்கு சேனலின் எண்ணையும் செய்தியையும் அனுப்பினால் போதும். சேனல் எண் -100 என்று தொடங்கும், அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் போகாது. ஒரு ராத்திரியில் முதல் செய்தி வந்துவிட்டது.

செட்டில் இருப்பது கோயம்புத்தூர் காந்திபுரத்தில் வாங்கிய ஈஎஸ்பி8266 என்கிற வைஃபை உள்ள சின்ன போர்டு. சூடு பார்க்க முதலில் டிஹெச்டி22 சென்சார் போட்டேன், தூசியும் அம்மோனியாவும் சேர்ந்து இரண்டு பேட்ச் கோழி போவதற்குள் அதை முடித்துவிட்டன. இப்போது தண்ணீர் புகாத உறை போட்ட டிஎஸ்18பி20 சென்சார், மூன்றாவது வருடமாக அதேதான். கரண்ட் பார்க்க மூன்று பழைய மொபைல் சார்ஜர், ஆர், ஒய், பி ஃபேஸுக்கு ஒன்றொன்று. எந்த சார்ஜர் செத்ததோ அந்த ஃபேஸ் போய்விட்டது என்று அர்த்தம். சார்ஜர் 5 வோல்ட், போர்டில் ஒயர் மாட்டும் முள் 3.3 வோல்ட்தான் தாங்கும், அதனால் வோல்டேஜைக் குறைக்க நடுவில் இரண்டு ரெசிஸ்டர் கட்டாயம் போடுங்கள்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சூட்டை அனுப்பச் செய்திருந்தேன். ஒரு நாளைக்கு 288 செய்தி, இரண்டு செட்டுக்கும் சேர்த்து 576. மூன்றாம் நாளே அய்யன் மியூட் போட்டுவிட்டார். "இது பாட்டுக்கு டிங்கு டிங்குனு அடிச்சுக்கிட்டே இருந்தா எதைத்தான் பாக்கறது கண்ணு" என்றார். அவர் சொன்னது சரிதான். காலை ஆறு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் சத்தமில்லாமல் ஒரு நிலவரம், அதற்கு ஏபிஐயிலேயே அறிவிப்பு ஒலியை அடக்கும் வசதி இருக்கிறது. மற்றபடி கேடு வந்தால் மட்டும்தான் செய்தி. 36 டிகிரியைத் தாண்டினால் ஒன்று, 34.5-க்குக் கீழே இறங்கினால் "இறங்கிவிட்டது" என்று ஒன்று. இரண்டு எல்லைக்கும் நடுவில் இந்த இடைவெளி விடாமல் ஒரே எண்ணை வைத்தால் 36-ஐச் சுற்றியே ஏறி இறங்கி உயிரை எடுத்துவிடும். அப்புறம் கோழியின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குஞ்சு வந்த முதல் வாரம் 32 முதல் 34 டிகிரி இருந்தே ஆக வேண்டும், அப்போது சூடு குறைவதுதான் ஆபத்து. நாலாவது வாரத்தில் அதே சூடு ஆகாது. அதனால் குஞ்சு இறக்கிய தேதியைக் கொடுத்தால் எல்லையை போர்டே மாற்றிக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

செய்தியைத் தமிழில் அனுப்புவதை எடுத்தவுடனே செய்திருக்க வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தது, செட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒவ்வொரு தரமும் போன் போட்டு "ஏனுங்க தம்பி, என்னமோ வந்திருக்குதுங்க" என்று கேட்பார். இப்போது "மேக்கால செட்டு, சூடு 36.5, ஃபாகரைப் பாருங்க" என்று வருவதால் அவரே ஓடிவிடுகிறார். தமிழை அந்த இணைய முகவரியிலேயே சேர்த்து அனுப்பினால் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக நீளும், அதனால் செய்தியை முகவரியில் சேர்க்காமல் ஜேசன் வடிவில் தனியாக போஸ்ட் செய்யுங்கள். தடித்த எழுத்துக்கு ஆசைப்பட்டு மார்க்டவுன்வி2 என்கிற எழுத்து அலங்கார முறையை வைத்தேன், அதில் புள்ளிக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு போடாவிட்டால் 400 பிழை கொடுத்துச் செய்தியையே நிராகரித்துவிடும். சூடு 36 என்று இருந்தால் போகும், 36.5 என்றால் போகாது! இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அன்றோடு வெறும் எழுத்துதான்.

நடுவில் சில மாதம் சேனலுக்குப் பதில் எல்லாரும் பேசக்கூடிய குழுவாகத்தான் வைத்திருந்தேன். குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் எச்சரிக்கை காணாமல் போனது ஒரு பக்கம். மாமா ஒருவர் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய செய்தி தெரியட்டும் என்று அமைப்பை மாற்றினார், குழு சூப்பர்குரூப் என்கிற வேறு வகைக் குழு ஆகிவிட்டது, எண்ணும் மாறிவிட்டது, அன்று முழுக்க ஒரு செய்தியும் வரவில்லை. டெலிகிராம் என்னவோ பதிலில் புது எண்ணைத் தந்துகொண்டேதான் இருந்தது, என் நிரல் அந்தப் பதிலைப் படிக்கவே இல்லை. அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள், பதிலைப் பாருங்கள். அளவுக்கு மீறி அனுப்பி 429 பிழை வந்தால் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கும், ஒரு குழுவுக்கு நிமிடத்துக்கு 20 செய்திதான் கணக்கு. டோக்கனை நிரலோடு சேர்த்து எங்கும் பொதுவில் போடாதீர்கள். நான் போட்டுவிட்டு, பாட்ஃபாதரிடம் போய்ப் பழையதை ரத்து செய்து புதிது வாங்கி, இரண்டு போர்டிலும் மறுபடி ஏற்றினேன்.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. மூன்று ஃபேஸும் போனால் ரவுட்டரும் போய்விடும், "கரண்ட் போய்விட்டது" என்ற செய்தி எப்படி வரும்? செய்தி வராத நேரமெல்லாம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம், அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. ரவுட்டருக்கும் போர்டுக்கும் ஒரு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் போட்டேன். ஆனாலும் வழியில் இணைய இணைப்புக்காரரின் பெட்டியில் பேட்டரி தீர்ந்தால் அங்கே அறுந்துவிடும், அது பல தரம் நடந்தது. கடைசியில் ஹெல்த்செக்ஸ் என்கிற சேவையில் கணக்கு வைத்தேன். போர்டு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் அதைத் தட்டும், தட்டல் நின்றால் அதுவே வெளியிலிருந்து என் டெலிகிராமுக்குச் செய்தி அனுப்பும். மார்ச் முதல் ஜூன் வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தட்டல், மூன்று நிமிடம் பொறுமை. மற்ற மாதங்களில் ஐந்தும் பத்தும். வீட்டில் யாராவது இதை அமைக்கிறீர்கள் என்றால் சூடு பார்க்கும் கருவியை வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்யுங்கள்.

இன்னும் குறை இருக்கிறது. குறைந்த விலை போன்களில் பேட்டரி சேமிப்பு டெலிகிராமைத் தூங்க வைத்துவிடும், ஒவ்வொருவர் போனிலும் போய் அதை அணைக்க வேண்டியிருந்தது. போன் சைலண்டில் கிடந்தால் எந்த ஏபிஐயாலும் ஆளை எழுப்ப முடியாது, அதனால் அதே போர்டில் ஒரு ரிலே (போர்டே போடும் சுவிட்ச்) வைத்து, செட்டு வாசலில் சைரன் மாட்டியிருக்கிறேன். போன வருஷம் சித்திரையில் ஒரு ராத்திரி ஒய் ஃபேஸ் போனபோது, சேனலில் செய்தி விழுந்து நான் வண்டியை எடுப்பதற்குள் அண்ணன் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். அந்த பேட்ச்சில் சூட்டுக்கு ஒரு கோழிகூடப் போகவில்லை. மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தாலும் செய்தி வேண்டும் என்று அய்யன் கேட்டிருக்கிறார், மிதவை சுவிட்ச் வாங்கி வைத்தாயிற்று, வெள்ளிக்கிழமை குஞ்சு இறங்குவதற்குள் மாட்ட வேண்டும்.