"காப்பர் கிடையாது" என்று விற்ற நீலப் பாட்டில்: பினாங்கு மரைன் டேங்க் நண்பர்களுக்கு எச்சரிக்கை

பினாங்கில் உப்புத்தண்ணீர் மீன் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். தீவில் ஒரு கடையில், லேபிள் எதுவும் ஒட்டாத பாட்டிலில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, "வொய்ட் ஸ்பாட் மருந்து, காப்பர் கிடையாது, இறாலுக்கும் கோரலுக்கும் ஒன்னும் ஆகாது" என்று விற்கிறார்கள். வொய்ட் ஸ்பாட் என்பது மீன் மேல் வெள்ளைப் புள்ளி வரும் நோய். அந்த மருந்தில் காப்பர், அதாவது செம்பு, இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிவதைவிட, இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிவதுதான் உங்களுக்கு உதவும். இதே வேலையை வேறு கடையிலும் செய்யலாம்.

டேங்க் என் அப்பாவுடையது. ஜெலுகோரில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் நாலடித் தொட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு அதுதான் உலகம். ஒரு ஜோடி க்ளவுன் மீன், இரண்டு க்ளீனர் இறால், நத்தைகள், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்மையான பவளம்). ரொம்ப நாளாக அவருக்கு பௌடர் ப்ளூ டாங் என்ற நீல நிறக் கடல் மீன் மேல் ஆசை. அந்தக் கடையில் வேலை செய்கிறவர் தமிழ்ப் பையன். "அங்கிள், அங்கிள்" என்று நன்றாகப் பழகுவார். நம்ம பையன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அப்பா நம்பினார். "ரெண்டு வாரம் குவாரண்டைன் பண்ண மீன் அங்கிள், பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர். நாலடித் தொட்டி போதுமா என்று அப்பா கேட்டதற்கு, "தாராளமா போதும் லா" என்று பதில் வந்தது. விலை 280 வெள்ளி (ரிங்கிட்).

போதவே போதாது. பௌடர் ப்ளூ டாங் இந்தியப் பெருங்கடல் மீன். ஓயாமல் நீந்துகிற சாதி. அதற்கு ஆறடித் தொட்டியாவது வேண்டும். இடம் பத்தாமல் மன அழுத்தம் வந்தால், மரைன் மீன்களிலேயே முதலில் வொய்ட் ஸ்பாட் வாங்குவது இதுதான். மீன் விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

வீட்டுக்கு வந்த சில நாளிலேயே டாங்கின் மேல் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அப்பா போன் செய்ததும் கடையில் அந்த நீலப் பாட்டிலைக் கொடுத்தார்கள். "மூணு நாள், அஞ்சு நாள்ல புள்ளி எல்லாம் போயிடும் அங்கிள்." சொன்னபடியே புள்ளிகள் போய்விட்டன. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த தடவைக்கு ஆகும் என்று பெரிய பாட்டிலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. இந்த நோயைக் கொடுப்பது கிரிப்டோகேரியன் இர்ரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். அந்த நேரத்தில்தான் நம் கண்ணுக்குப் புள்ளி தெரியும். பிறகு தானாகவே, பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு இறங்கி மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து, ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் வெளியே வரும். அதற்குச் சாதாரணமாக 3 முதல் 28 நாள் ஆகும். சில கூடுகள் 72 நாள் வரை காத்திருந்ததும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. வெளியே வந்த குட்டி ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும்.

ஆகவே, முதல் தடவை வந்த புள்ளி ஒரு வாரத்தில் போவது இயற்கை. பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் போகும், பூண்டுச் சாறு கலந்த தீனி போட்டாலும் போகும். அந்த ஐந்து நாள் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் "அஞ்சு நாள்ல போயிடும்" என்கிறார்கள். புள்ளி போனதும் நாம் கடைக்கு நன்றி சொல்கிறோம். அந்த நேரத்தில் மணலுக்குள் கூடுகள் பெருகிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது அலை வந்தபோது டாங் மட்டுமல்ல, இரண்டு க்ளவுன் மீனிலும் புள்ளி. அப்பா பெரிய பாட்டிலிலிருந்து கடை சொன்ன அளவில் ஊற்றினார். மறுநாள் காலையில் ஒரு க்ளீனர் இறால் கல்லுக்கு முன்னால் மல்லாந்து கிடந்தது. கால்கள் மட்டும் லேசாக உதறிக்கொண்டிருந்தன. எப்போதும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தைகள் மணலில் விழுந்து, நிமிரச் சக்தியில்லாமல் கிடந்தன. கோரல்கள் சுருங்கிவிட்டன. கடைக்குப் போன் செய்தால், "அங்கிள் தண்ணி சரியா மாத்துறதில்ல போல. தண்ணியக் குளுரவைக்கிற சில்லர் மெஷின ஆஃப் பண்ணி 32 டிகிரிக்கு விடுங்க, சூட்டுல பூச்சி செத்துடும்" என்றார்கள்.

இந்த யோசனையை நினைத்தால் இன்னும் என் வயிறு எரிகிறது. சூட்டை ஏற்றுவது நன்னீர் மீன்களுக்கு வரும் வொய்ட் ஸ்பாட்டுக்கான வைத்தியம். அது இக்தியோஃப்தீரியஸ் என்ற வேறு ஒட்டுண்ணி. பார்வைக்குப் புள்ளி ஒன்றுபோல இருக்கும், அவ்வளவுதான். கடல் ஒட்டுண்ணி அந்தச் சூட்டில் சாகாது. மாறாக, தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்ஸிஜன் குறையும். செவுளில் ஏற்கெனவே ஒட்டுண்ணி புண் பண்ணி வைத்திருக்கும் மீனுக்கு அது கழுத்தை நெரிப்பதற்குச் சமம். டாங் பம்பு வாயருகே போய் நின்று வேக வேகமாக மூச்சு வாங்கியது. அன்று ராத்திரியே போய்விட்டது.

பக்கத்து புளோக்கில் இருக்கும் ஒரு சீன அங்கிள் பல வருடமாக மரைன் டேங்க் வைத்திருக்கிறார். காப்பர் அளக்கும் டிஜிட்டல் செக்கர் அவரிடம் இருந்தது. முதலில் புதிதாகக் கலந்த உப்புத்தண்ணீரை ஒரு சுத்தமான வாளியில் எடுத்து அளந்தோம்: சைபர். அதே வாளியில் கடை சொன்ன அளவுக்கு நீல மருந்தை விட்டு, கலக்கி, மறுபடி அளந்தோம்: 0.34 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 0.34 பங்கு காப்பர்). எங்கள் தொட்டித் தண்ணீரில் 0.22. சுண்ணாம்புக் கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் தொட்டியில் குறைவாகக் காட்டியது என்று அவர் விளக்கினார்.

அந்த 0.34-க்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். காப்பர் வொய்ட் ஸ்பாட்டுக்கு உண்மையிலேயே மருந்துதான். நீந்தித் திரியும் அந்தக் குட்டிகளைக் கொல்லும். ஆனால் அளவு முக்கியம். குப்ராமீன் என்ற காப்பர் மருந்து மாதிரியான வகைக்கு 0.5 வரை ஏற்றி அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். காப்பர் பவர் மாதிரியான கீலேட்டட் (காப்பரை வேறொரு பொருளோடு பிணைத்து வைத்த) வகைக்கு 2 பி.பி.எம்.முக்கு மேல் வேண்டும். அதையும் சுமார் ஒரு மாதம் இறங்காமல் காக்க வேண்டும், தினமும் அளக்க வேண்டும், கல்லும் மணலும் இறாலும் இல்லாத தனித் தொட்டியில் செய்ய வேண்டும். எங்களுக்கு விற்றது ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாத அளவு. இறாலையும் நத்தையையும் கொல்ல அது தாராளம். உறிஞ்சிய காப்பரைக் கல் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் என்பதால், லைவ் ராக் (தொட்டிக்குள் அடுக்கியிருந்த கடல் கல்) முழுவதையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. மீன் விலையைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

பாட்டிலையும் அளந்து எழுதிய கணக்கையும் எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். "அக்கா, அது கம்பெனி ஃபார்முலா, உள்ள என்னன்னு எங்களுக்கே தெரியாது" என்றார் அந்தப் பையன். அப்படியானால் காப்பர் இல்லை என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதும் முதலாளி உள்ளேயிருந்து வந்தார். இன்னொரு பாட்டிலைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். பேசிக்கொண்டே அலமாரிக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். எல்லா மீன் தொட்டிகளின் தண்ணீரும் ஒரே சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில்) விழுகிறது. காலையில் இறங்கிய மீனும் "ரெண்டு வாரம் குவாரண்டைன்" மீனும் ஒரே தண்ணீரில். இதற்குப் பெயர் குவாரண்டைனே இல்லை. அந்தத் தண்ணீரிலேயே குறைந்த அளவு காப்பர் ஓட விடுகிற கடைகளும் உண்டு. மீன் கடையில் இருக்கும்வரை புள்ளி அடங்கியிருக்கும், நம் வீட்டுச் சுத்தமான தண்ணீருக்கு வந்ததும் வெடித்துக் கிளம்பும்.

க்ளவுன் ஜோடியைக் காப்பாற்றிவிட்டோம், மருந்தே இல்லாமல். மிஸ்டர் டி.ஐ.ஒய். கடையில் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு ஏர் பம்பு, ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு. 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மீனைக் காயவைத்துப் புதுத் தண்ணீர் நிரப்பிய தொட்டிக்கு மாற்ற வேண்டும், மொத்தம் நான்கு மாற்றம். மீனிலிருந்து இறங்கிய ஒட்டுண்ணி பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். குட்டி வெளியே வருவதற்குள் மீன் அங்கே இருக்காது. பழைய தொட்டியையும் பம்புக் குழாயையும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் மறுபடி தொடலாம். அம்மோனியாவை மட்டும் அடிக்கடி பாருங்கள். பெரிய தொட்டியில் 76 நாள் ஒரு மீன்கூட இருக்கக்கூடாது. இந்த முறை வொய்ட் ஸ்பாட்டுக்கு மட்டும்தான். தூசி படிந்தது மாதிரி பொன்னிறப் பூச்சு, மூச்சு வாங்கல் என்றால் அது வெல்வெட் என்ற வேறு நோய். ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும், அதற்குக் காப்பர் மாதிரி சரியான மருந்து உடனே வேண்டும். க்ளவுன் மீனில் சளி சளியாக உரிந்தால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி, அதற்கு ஃபார்மலின். தோலில் ஒட்டும் தட்டைப்புழுவுக்கு பிராஸிகுவாண்டெல். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் என்று யார் சொன்னாலும் அது பொய்.

கடையில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். குவாரண்டைன் தொட்டியைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள், தனி சம்ப்பா என்று பாருங்கள். எந்த மருந்து, என்ன அளவில், எத்தனை நாள் என்று கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்காத பாட்டிலைத் தொடாதீர்கள். ரசீதில் மீன் பெயரையும் "குவாரண்டைன் செய்தது" என்பதையும் எழுதி வாங்குங்கள். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். அப்படிப்பட்டவர்களும் பினாங்கில் இருக்கிறார்கள்.

"மீன் தானே, விடுங்க" என்று பலரும் சொன்னார்கள். விடவில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொய் சொல்லிப் பொருள் விற்பது குற்றம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 3 வருடத்துக்குள் போட வேண்டும். அப்பா பெயரில் மனு போட்டாயிற்று. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம்.

இதே நீலப் பாட்டில் உங்கள் வீட்டிலும் இருந்தால் கீழே ஊற்றிவிடாதீர்கள். மூடியை இறுக்கி, வாங்கிய தேதியை எழுதி ஒட்டி, ரசீதோ பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தால் அதோடு சேர்த்து வையுங்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் மனுவோடு உங்களுடையதும் சேர்ந்தால், "அங்கிள் தண்ணி மாத்தல" என்ற பதில் அங்கே செல்லாது.