தர்காவா, ஜி.எச்.சா, மதுரையா? மனசு சரியில்லாதபோது நம் கடலோரத்தில் எங்கே போவது

மண்டபத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி முதலில் என்னிடம்தான் வருகிறது. காய்ச்சல், சர்க்கரை என்றால் எங்கே போவது என்று எல்லாருக்கும் தெரியும். மனசு சம்பந்தப்பட்டது என்றால்தான் ஒரே வீட்டுக்குள் நாலு கட்சி. ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போவோம் என்பார் அம்மா. மதுரையில் பெரிய டாக்டர் இருக்கிறார் என்பார் மச்சான். போனிலேயே பேசலாம் என்பாள் காலேஜ் படிக்கிற தங்கச்சி. ஜி.எச்.சில் மாத்திரை சும்மாவே கொடுக்கிறார்கள் என்பார் நர்ஸம்மா. சம்பந்தப்பட்ட ஆளோ, "எனக்கு ஒண்ணுமில்லண்ணே, தூக்கம்தான் வரல, ஒரு மாத்திரை குடுங்க" என்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை முன்னால் வந்து நிற்பார்.

இந்த வழிகள் எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியால்தான் நிறுத்துப் பார்க்கிறேன். ஆறாவது மாதமும் அங்கே போய்வர முடியுமா? முதல் தடவை கடன் வாங்கியாவது எல்லாரும் போய்விடுகிறார்கள். மூன்றாவது, நாலாவது தடவையில்தான் விட்டுப்போகிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிடச் சொல்வார்கள். காதில் குரல் கேட்கிற நோய்க்கு அது வருடக்கணக்கு. ஆகவே எந்த டாக்டர் பெரியவர் என்பதைவிட, எந்த இடத்துக்கு விடாமல் போக முடியும் என்பதுதான் பெரிய விஷயம்.

எப்போது கிளம்ப வேண்டும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மீனவர் வீடுகளில் முகம் வாடாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். பள்ளிக்கூடச் செலவு, நகைக் கடன் வட்டி, போட் வேலை எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும். அது கவலை. கவலைக்கு மருந்து தேவையில்லை. ஆனால் ஜூன் 15 அன்று ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, ஜெட்டி முழுக்க ஆள் நிற்கும்போதும் ஒருவர் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை, கூட்டாளிகள் வந்து கூப்பிட்டும் பேசவில்லை, நண்டுக் குழம்பு வைத்தாலும் நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை என்றால் அது வேறு. காரணம் போன பிறகும் போகாத துக்கம், இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாட வேலையைக் கெடுக்கிற துக்கம்: இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

நம் பக்கத்து ஆண்கள் "மனசு சரியில்ல" என்று வாயால் சொல்ல மாட்டார்கள். நெஞ்சுப் படபடப்பு, பிடரி வலி, வயிற்று எரிச்சல் என்பார்கள். ஈ.சி.ஜி. எடுப்பார்கள், நார்மல் என்று வரும், இன்னொரு இடத்தில் போய் மறுபடி எடுப்பார்கள். குடி கூடும், சின்ன விஷயத்துக்குக் கை நீளும். பெண்களிடம் வேறு மாதிரி தெரியும். கடல்பாசி எடுக்க ஒரு கூட்டமாகப் போகிறவர் திடீரென்று கூட்டத்தை விடுவார். பிள்ளைக்குத் தலை வாரிவிட மறப்பார்.

சிலவற்றுக்கு இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று வீட்டு ஆட்களையே சந்தேகப்படுவது, நாலைந்து நாள் தூங்காமலேயே களைப்பில்லாமல் பெரிய பெரிய திட்டம் பேசிப் பணத்தை இறைப்பது, பிரசவமான சில நாளில் தாய் குழம்பிப் பேசுவது. இவற்றுக்கு அந்த வாரமே போக வேண்டும். பிரசவமான தாய்க்கு அன்றைக்கே.

"செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று சொன்னாலும் அன்றைக்கே. அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது உண்மையில்லை. கேட்டால் அவர்களுக்குப் பாரம்தான் குறைகிறது. கேட்டுவிட்டுத் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கிற மாத்திரை, மருந்து எல்லாம் இன்னொருவர் பொறுப்பில் இருக்கட்டும். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது.

ஏர்வாடியும் ஜி.எச்.சும்

ஏர்வாடியைப் பற்றிப் பேசினால் 2001 ஆகஸ்ட் 6-ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எரிந்தது தர்கா இல்லை. தர்காவுக்கு வருகிறவர்களின் கையறு நிலையை வைத்துப் பிழைத்த ஒரு கொட்டகை. அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று இன்றைய சட்டம் சொல்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், "கொஞ்ச நாள் கட்டிப் போட்டாத்தான் அடங்குவான்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆனாலும் தர்காவை ஒரே வார்த்தையில் தள்ளிவிட என்னால் முடியாது. அங்கே இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேரளத்திலிருந்தும் வருகிறார்கள். தனக்குத்தானே பேசுகிற பெண்ணை அங்கே யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதில்லை. விளக்கு எண்ணெயைத் தடவிக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. தெருவே "பைத்தியம்" என்று கூப்பிட்ட ஒருவருக்கு இது சின்ன ஆறுதல் இல்லை. எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இது கிடையாது.

அங்கே இழக்கிறது காலம். "மூணு வியாழக்கிழமை பாத்துட்டு அப்புறம் டாக்டர்ட்ட போவோம்" என்று தொடங்கும். மூன்று வியாழன் முப்பதாகும். வீட்டுக்குப் போகலாம் என்று கனவில் உத்தரவு வரவில்லை, இன்னும் கொஞ்ச நாள் என்பார்கள். குரல் கேட்கிற நோயில் மருந்து தொடங்காமல் போகிற ஒவ்வொரு மாதமும் பின்னால் குணமாவதைக் கடினமாக்கும். பதினெட்டு, இருபது வயதுப் பையன்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் தொடங்குகிறது. படிப்பும் கல்யாணமும் வேலையும் அந்த மாதங்களுக்குள்தான் இருக்கின்றன.

நல்லவேளையாக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அரசு மனநல மருத்துவக் குழு அங்கேயே பார்த்து மாத்திரை கொடுக்கிற ஏற்பாடு வந்திருக்கிறது, துஆ என்கிற பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும் என்று. என் கணக்கில் இது நம் மாவட்டத்தில் நடந்த நல்ல காரியங்களில் முதல் வரிசை. அம்மாவிடம் "தர்காவுக்குப் போகாதீங்க" என்று சண்டை போடுவதைவிட, "போங்க, அங்கயே டாக்டரையும் பாத்து மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்பது வீட்டில் எடுபடும். தாயத்தும் மாத்திரையும் ஒரே உடம்பில் இருக்கலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்.

ஜி.எச். பக்கம் வருவோம். இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மனநலத்துக்கு டாக்டர் உண்டு, சீட்டு இலவசம், மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருகிறார்கள். எந்தக் கிழமை என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அது தெரிந்தால் பாதிப் பயணம் மிச்சம். குறையும் உண்டு. கூட்டம் அதிகம், டாக்டர் உட்கார வைத்து அரை மணி நேரம் பேச முடியாது, இன்று பார்த்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். அதைவிடப் பெரிய பயம் வரிசைதான். வரிசையில் நிற்கும்போது சம்பந்தி வீட்டு ஆள் பார்த்துவிடுவாரோ என்பது.

மதுரைக்குப் போவதன் உண்மையான காரணம்

நம் பக்கத்து ஆட்கள் மதுரைத் தனியார் டாக்டரைத் தேடிப் போவது அந்த டாக்டரின் திறமைக்காக மட்டும் இல்லை. அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதற்காக. இதை நான் குறை சொல்ல மாட்டேன். பொண்ணு பார்க்க வருகிற வீட்டார் என்ன கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். அங்கே நிதானமாகப் பேச முடியும், தேவைப்பட்டால் படுக்கையும் கிடைக்கும்.

ஆனால் இராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். துணைக்கு ஒருவர், இருவருக்கும் பஸ், சாப்பாடு, டாக்டர் பீஸ், மாத்திரை, இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பாசி எடுக்கிற ஒரு அக்கா என் கடைக்கு வருவார். பாறையில் கிழிபடாமல் இருக்க விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல், நாலாக மடித்த மதுரைச் சீட்டை நீட்டுவார். உப்பு ஈரத்தில் மடிப்பு கிழிந்து டாக்டர் பெயர் பாதிதான் தெரியும். தேதி போன வருடம். "தம்பி, மூணுல அந்த வெள்ளை மாத்திரை மட்டும் பத்து குடு, மத்தது இப்ப வேணாம்." அந்த வெள்ளை மாத்திரை தூக்கத்துக்கு. வேண்டாம் என்று விட்டதுதான் நோய்க்கான மருந்து.

இவருக்கு நான் சொன்னதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். மதுரையில் முதல் தடவை பார்த்து, என்ன நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். வரும்போது மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு மருந்துப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டோடு ஜி.எச்.சிலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ காட்டினால், அதே மருந்தையோ அதற்கு இணையானதையோ மாதா மாதம் வாங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருதரம் மதுரை போதும். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினால் என் ஓட்டு ஜி.எச்.சுக்கு. ஆறாவது மாதத்தில் பலர் அங்கேதான் இருப்பார்கள்.

போனில் பேசுவது

14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவையென்றால் மனநல டாக்டரிடம் இணைப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு வேறு எந்தக் கதவும் திறந்திராது, இது திறந்திருக்கும். யாரும் பார்க்கவும் மாட்டார்கள். முதல் படிக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் தூங்காமல் திரிகிற, சந்தேகப்படுகிற ஒருவரிடம் போனைக் கொடுத்துப் பயனில்லை. அப்போது வீட்டார் தாங்களே கூப்பிட்டு, எப்படிக் கூட்டிப் போவது என்று கேட்கலாம்.

காசு கட்டிப் பேசுகிற ஆன்லைன் ஆலோசனையைக் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போயிருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு ஊருக்கு "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறவர்கள் அவர்கள். பேசப் போகிறவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து எழுதுகிறவர் மனநல மருத்துவம் படித்த டாக்டர். பேச்சுச் சிகிச்சைக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (RCI) பதிவு செய்த மருத்துவ உளவியலாளர். கவுன்சிலர் என்று போர்டு மாட்ட யாரும் தடை சொல்வதில்லை. இன்னொன்று, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகளை முன் அனுமதி இல்லாமல் துபாய்க்கு எடுத்துப் போகாதீர்கள். ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள்.

என் கடை

சொல்லப்போனால் பலருக்கு முதல் டாக்டர் நான்தான், அது சரியில்லை. சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது சட்டம். மனச்சோர்வு மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம் என்று பயந்து நிறுத்துகிறவர்கள், உண்மையிலேயே அடிமையாக்குகிற தூக்க மாத்திரையைக் கேட்டு வருகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையில் முதல் வாரம் குமட்டலும் வாய் உலர்தலும் இருக்கும், அப்புறம் அடங்கும். அதைத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைப் பார்த்துக் கத்தினால் அது பேய் இல்லை. உயிருக்கே ஆபத்தான நிலை. தர்காவும் வேண்டாம், மதுரையும் வேண்டாம், பக்கத்து ஜி.எச்.சில் அவசர சிகிச்சைக்கு உடனே கொண்டுபோங்கள்.

மற்றபடி முதல் தடவை போகும்போது, கூட இருந்து பார்த்த ஒருவர் துணைக்குப் போகட்டும். எந்த மாதம் தொடங்கியது, தூக்கம் எவ்வளவு, குடி எவ்வளவு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, இதுவரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எழுந்து வருவதற்கு முன், அடுத்து எந்தக் கிழமை வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அது கடலுக்குப் போகிற நாளாக இருந்தால், அங்கேயே சொல்லி வேறு நாள் கேளுங்கள்.